தார் ரோடு முடிகிற இடம்

சேந்தமங்கலத்துக்கு அப்பால், கொல்லிமலை அடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஐப்பசிக் கடைசியில் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். நண்பர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஆதலால் கடிதத்தில் சந்திப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் சங்கடம் நிறைய இருந்தது.

“தார், ஜிம்னி, குர்க்கா என்று மூன்று வண்டிகளைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லுகிறார்கள். பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். எதை வாங்கலாம் என்று யோசித்து எழுத வேண்டும். பெண்ணின் பேரில் போட்டு வைத்த பணத்தை எடுக்கப் போகிறேன். ஆகையால் அவசரப்படாமல் எழுதவும். ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் எழுதவும்.”

பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்னும் நம்பிக்கை இந்தத் தேசத்தில் ஒருவருக்காவது மிஞ்சியிருக்கிறதே என்று நாம் மகிழ்ந்தோம். வேறு சமயமாயிருந்தால், ‘மாட்டு வண்டியே உத்தமம்’ என்று வேடிக்கையாக ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்த்திருப்போம். ஆனால் நண்பர் வண்டி வாங்கப் புறப்பட்ட காரணம் நமக்குத் தெரியும்.

அவருடைய தோட்டத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை இருக்கிறது. ஆண்டில் பத்து மாதம் அதில் ஆடு மேயும். மலைமேல் மழை பிடித்துக்கொண்டால் மாத்திரம், கீழே ஒரு துளி விழாமலிருக்கும்போதே, செந்நீர் புரண்டு வந்துவிடும். முன் ஆண்டு ஐப்பசியில் அப்படி ஓர் இரவு. நண்பரின் மனைவியாருக்கு நெஞ்சு வலி கண்டது. 108-க்குச் சொன்னார்கள், ஆம்புலன்ஸும் தாமதமில்லாமல் வந்தது. எங்கே வந்தது? ஓடையின் அக்கரைக்கு. அதன் விளக்கு சுழல்வதைப் பார்த்துக்கொண்டு இக்கரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். பிறகு தண்ணீர் வடிந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் நால்வர் கயிற்றுக் கட்டிலோடு அம்மாளைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள். தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டார். அன்று முதல் மலையில் மேகம் கூடினால் நண்பர் சோறு உண்பதில்லை என்று கேள்வி.

ஆகவே, கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் நேரிலேயே போய்ச் சேர்ந்தோம்.

நண்பர் மூன்று வண்டிகளையும் முற்றத்தில் திரட்டி வைத்திருந்தார். சேலத்திலிருந்து அவருடைய சகோதரி மகன் தாரில் வந்திருந்தான். திருச்செங்கோட்டில் ரிக் வண்டித் தொழில் செய்யும் பழைய மாணாக்கர் ஒருவர், தம் பட்டறை மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு குர்க்காவில் வந்திருந்தார். நாமக்கல்லில் அம்மாளுக்கு வைத்தியம் செய்த பெண் டாக்டர் தம்முடைய ஜிம்னியைத் தாமே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அம்மாளோ இவர்கள் எல்லோருக்கும் இட்லி வார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு வலிக்காரர் இத்தனை பேருக்கு இட்லி வார்க்கலாமா என்று டாக்டர் கேட்டதற்கு, “வண்டி வாங்கறது அவருக்காகத்தானுங்க டாக்டரம்மா, எனக்கு ஒண்ணுமில்லை” என்றார்.

தார் ரோடே இல்லாத இடத்துக்குப் போவதற்கென்று செய்த வண்டிக்குத் ‘தார்’ என்று பெயர் சூட்டிய தைரியத்தை மெச்ச வேண்டியதுதான். அது ராஜஸ்தானத்துப் பாலைவனத்தின் பெயராம். மோகனூர்க் குழந்தையிடம் சொன்னால் வாழைத்தாரைத்தான் நினைத்துக்கொள்ளும்.

இந்த மூன்றுக்கும் குலமுதல்வன் ஒருவன் உண்டு. 1940-ல் அமெரிக்கப் பட்டாளத்தார், காடு மேடு எல்லாம் போகத்தக்க இலேசான வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். பாண்டம் என்ற சிறிய கம்பெனி முதலில் செய்து காட்டியது. சிறியவன் கண்டுபிடிப்பதும் பெரியவன் சம்பாதிப்பதும் உலக வழக்கமாகையால், வில்லிஸும் போர்டும் அதை ஆறு லட்சத்துக்கு மேல் செய்து குவித்தன. அதுதான் ஜீப். நம் நாட்டில் 1945-ல் மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகமது என்பவரும் சேர்ந்து ‘மஹிந்திரா அண்டு முகமது’ என்று இரும்பு வியாபாரம் தொடங்கினார்கள். 1947-ல் தேசம் பிரிந்தது. குலாம் முகமது பாகிஸ்தானத்துக்குப் போய் அதன் முதல் நிதி மந்திரியானார். மறு ஆண்டு கம்பெனி ‘மஹிந்திரா அண்டு மஹிந்திரா’ ஆயிற்று. வில்லிஸ் ஜீப்பை இங்கே கோத்து விற்றவர்கள் இவர்களே. அந்தப் பரம்பரையில் 2010-ல் பிறந்தது தார். 2020-ல் புதுப் பிறவி எடுத்தது.

ஜிம்னி ஜப்பான் தேசத்துச் சுசுகி வீட்டுப் பிள்ளை, 1970-ல் ஜனனம். அதன் உடன்பிறப்புத்தான் 1985-ல் இங்கே வந்த மாருதி ஜிப்ஸி. பட்டாளத்திலும் போலீஸிலும் ஜிப்ஸி பட்ட பாட்டை நேயர்கள் அறிவார்கள். அது நின்ற பிறகு, 2023 ஜூனில் ஐந்து கதவு ஜிம்னி வந்தது. அரியானாவில் குருகிராமத்தில் இதைச் செய்கிறார்கள். இதில் ஒரு விநோதம் கேளுங்கள். நம்மவர் இதை அவ்வளவாக வாங்கவில்லை. ஆனால் இங்கே செய்த அதே ஐந்து கதவு வண்டியை 2025 ஜனவரியில் ஜப்பானில் விற்பனைக்கு அறிவித்தபோது, சில நாட்களுக்குள் ஏறக்குறைய ஐம்பதினாயிரம் பேர் பதிவு செய்துவிட்டார்கள். பதிவையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. வீட்டுப் பிள்ளைக்கு வெளியூரில்தான் மரியாதை.

குர்க்காவைச் செய்வது போர்ஸ் கம்பெனி. நம் ஊரில் பெரியவர்கள் இன்னும் பஜாஜ் டெம்போ என்றுதான் சொல்லுவார்கள். அதன் இஞ்சினின் பூர்வீகம் ஜெர்மனி தேசத்து மெர்ஸிடிஸ். 2025-ல் நம் ராணுவத்தார் 2,978 குர்க்காக்களுக்கு ஒப்பந்தம் செய்தார்கள்.

இவற்றுள் எது சுதேசி என்று மருமகப் பிள்ளை ஒரு வாதத்தைக் கிளப்பினான். முதல் நம்மவருடையதாயிருந்தால்தான் சுதேசி என்றார் ரிக் வண்டிக்காரர். நம்மவர் கை செய்திருந்தால் போதும் என்றார் டாக்டர். நாம் இரு கட்சியையும் ஆமோதித்துவிட்டு இரண்டாவது காப்பி வாங்கிக்கொண்டோம்.

வண்டியைச் சோதிப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சாதாரணக் காரில் இஞ்சினுடைய பலம் இரண்டு சக்கரங்களுக்கே போகிறது. இவற்றிலோ நான்குக்கும் போகும். நம் ஊர் மெக்கானிக்குகள் ‘ஃபோர் வீல்’ என்பது இதைத்தான். இதோடு, மெதுவாகப் போய்ப் பலமாக இழுக்கும் ‘லோ’ கியர் ஒன்றும் தனியாக இருக்கும். இந்த இரண்டும் இல்லாத வண்டி எத்தனை உயரமாயிருந்தாலும், எத்தனை முரட்டு முகம் வைத்திருந்தாலும், அது பட்டணத்து வண்டிதான். 2023 ஜனவரி முதல் தாரிலேயே பின் சக்கரம் மாத்திரம் இழுக்கும் ரகமும் விற்கிறார்கள். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். விலை குறைகிறதே என்று ஆசைப்பட்டு அதை வாங்கிக்கொண்டு ஓடையில் இறங்குகிறவர், வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளத் தயாராயிருக்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அச்சின் நடுவில் இருக்கிற டிபரன்ஷியல் என்னும் பல்சக்கரப் பெட்டி, வளைவில் இரு பக்கத்துச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதற்கு உதவி செய்கிறது. ரோட்டில் அது நல்ல குணம். சேற்றில் அதுவே கெட்ட குணம். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சும்மா சுற்ற ஆரம்பித்தால், பலத்தையெல்லாம் அதற்கே கொடுத்துவிடும். உழைக்கிற மகனைப் பட்டினி போட்டுவிட்டு ஊர் சுற்றுகிற மகனுக்கே பணம் கொடுக்கும் தகப்பனார்களைப் போல. இதற்குப் பரிகாரம் இரண்டு. சுற்றுகிற சக்கரத்தைப் பிரேக்கினால் பிடித்து நிறுத்தி, பலத்தை மற்றதற்குத் திருப்புவது ஒன்று. ஜிம்னி செய்வது அவ்வளவே. இரண்டு சக்கரங்களையும் ஒரே நுகத்தில் பூட்டிவிடுவது மற்றொன்று. குர்க்காவில் முன் அச்சு, பின் அச்சு இரண்டுக்கும் அப்படிப் பூட்டு இருக்கிறது. தாரில் பிரேக் வித்தையும் உண்டு. சில ரகங்களில் பின் அச்சுக்குப் பூட்டும் உண்டு. சகதியில் எது கெட்டி என்று கேட்டால் பூட்டுத்தான் கெட்டி. அதில் சந்தேகம் வேண்டாம்.

முதலில் ஓடைக்குப் போனோம். அன்றைக்கு முழங்காலளவு தண்ணீர் தேங்கியிருந்தது. மூன்று வண்டிகளும் எருமை இறங்குவதைப் போல் இறங்கி, எருமையைவிடச் சுறுசுறுப்பாகக் கரையேறின. அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குர்க்காவுக்கு 233 மில்லிமீட்டர், தாருக்கு 226, ஜிம்னிக்கு 210. உயர்வு தாழ்வு ஏறக்குறைய ஒரு விரற்கடை. தண்ணீரில் குர்க்கா 700 மில்லிமீட்டர் ஆழம் வரையிலும் தார் 650 வரையிலும் போகலாம் என்று கம்பெனிகள் சொல்லுகின்றன. யானை நீந்தும்போது துதிக்கையைத் தூக்கிக்கொள்வதுபோல், குர்க்கா மூச்சுக் குழாயைக் கூரை உயரத்துக்குத் தூக்கி வைத்திருக்கிறது. ஜிம்னி தண்ணீர் விஷயத்தில் அதிகம் பெருமை பேசுவதில்லை.

நண்பரின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்படியானால் குர்க்காவே முடிவு” என்றார்.

ரிக் வண்டிக்காரர் தம் வண்டிக்குச் சாதகமான இந்தத் தீர்ப்பைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டும். அவர் மகிழவில்லை. “ஐயா, அன்னிக்கு ராத்திரி தண்ணி எவ்வளவு இருந்துச்சுங்க?” என்று கேட்டார்.

தோட்டத்து ஆள் தன் மார்பில் கை வைத்துக் காட்டினான்.

“அதிலே எந்த வண்டியும் இறங்கக் கூடாதுங்க, ஐயா. நான் ரிக் லாரியையே நிறுத்திப்போடுவேன்.”

அவர் சொன்னது முற்றிலும் நியாயம். கம்பெனிக்காரர் சொல்லும் ஆழம் நிலைத் தண்ணீருக்கு உரியது. ஓடுகிற தண்ணீரின் கணக்கே வேறு. தண்ணீர் ஏற ஏற வண்டி மிதக்க ஆரம்பித்து, சக்கரத்துக்குத் தரைப் பிடிப்புக் குறைகிறது. அதே சமயத்தில் வெள்ளம் பக்கவாட்டில் தள்ளுகிறது. இரண்டடி ஆழ ஓட்டம் பெரும்பாலான கார்களை அடித்துக்கொண்டு போகப் போதுமானது. சிவப்பு வெள்ளத்தின் அடியில் குழி எங்கே, கல் எங்கே என்று யார் கண்டது? நான்கு சக்கரமும் இழுக்கிறது என்ற தைரியத்தில் இறங்கி மாண்டவர்கள் பலர். நெஞ்சு வலியோடு கரையில் இருந்த அம்மாளையாவது கட்டிலில் தூக்க முடிந்தது. நடு ஓடையில் வண்டியோடு போயிருந்தால் தூக்குவதற்கு யாரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள்.

நண்பர் பேசவில்லை. பெண்ணின் பணத்தை எடுத்து ஒன்றுக்கும் உதவாத பண்டத்தை வாங்கப் பார்த்தோமே என்று நினைத்தார் போலிருக்கிறது. அப்பொழுது அம்மாள்தான் வாயைத் திறந்தார்.

“ஏனுங்க, ஓடையே வேண்டாமுங்க. ஏரிக்கரை மேலே போனா என்ன?”

தோட்டத்தின் பின்புறத்தில் ஓர் ஏரி. அதன் கரைமேல் இரண்டரை மைல் சுற்றினால், பாலம் உள்ள பெரிய ரோட்டுக்குப் போய்விடலாம். கோடையில் சைக்கிள்கூடப் போகும். மழைக்காலத்தில் களிமண் வெண்ணெயாகிவிடும். டிராக்டர் டயர் வெட்டிய பள்ளம் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழம். ஆகையால் அந்தப் பாதையை ஒருவரும் நினைத்துப் பார்க்கவேயில்லை. தண்ணீரைக் கடக்க வண்டி தேடிக்கொண்டிருந்த புருஷர்கள் அனைவரும், தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போக வண்டி தேடலாம் என்ற எண்ணம் தோன்றாமற் போனதற்காகக் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தோம்.

ஏரிக்கரைக்கு வண்டிகள் புறப்பட்டன. பாதி தூரத்தில் மூன்றில் ஒன்று அச்சு வரையில் புதைந்து நின்றுவிட்டது. எந்த வண்டி என்று நாம் சொல்லப் போவதில்லை. ஏனெனில் பிழை வண்டியினுடையது அல்ல. ஓட்டியவர் ‘ஃபோர் வீல்’ போடுவதற்கு மறந்துவிட்டார். மறந்ததோடு நில்லாமல், சக்கரம் சுழல்வதைக் கண்டதும் வீரத்தோடு ஆக்ஸிலேட்டரை மிதித்துக் குழியை ஆழப்படுத்திவிட்டார். அந்தச் சமயத்தில் குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைக்குப் போன டிராக்டர் ஒன்று வந்து, சங்கிலி போட்டு ஓர் இழுப்பில் வெளியே போட்டது. ஓட்டி வந்தவன் கீழே இறங்கி வண்டியைச் சுற்றிப் பார்த்தான். “இதெல்லாம் என்ன விலைங்க?” என்றான். குர்க்கா 2024-ல் பதினாறே முக்கால் லட்சத்திலும், ஜிம்னி 2023-ல் பன்னிரண்டே முக்கால் லட்சத்திலும் தொடங்கியது என்று சொன்னோம். அவன் தன் டிராக்டரைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

“அதானே! டிராக்டரிலேயே அக்காவைக் கொண்டுபோனால் என்ன?” என்று மெக்கானிக் கேட்டார்.

“நெஞ்சு வலிக்காரரைக் குலுக்கக் கூடாது, உட்காரவும் சாயவும் இடம் வேண்டும், மழையில் நனையக் கூடாது” என்று டாக்டர் சுருக்கமாக முடித்துவிட்டார்.

மெக்கானிக் மற்றொரு வார்த்தை சொன்னார். அது கம்பெனிக்காரர்கள் சொல்லாதது. ரோட்டுக்கென்று செய்த டயரில் களிமண் அப்பிக்கொண்டால் டயர் மொட்டையாகிவிடும். அப்புறம் நான்கு சக்கரம் இழுத்தென்ன, நாற்பது இழுத்தென்ன? ஆழமான பட்டன் உள்ள டயர் வேண்டும். மணலில் போவதாயிருந்தால் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். வண்டியின் ஜாதியைவிட டயரின் ஜாதி முக்கியம் என்பது அவர் கட்சி. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடக்கேயும் தெற்கேயும் எத்தனையோ மாகாணங்களில் எத்தனையோ கரம்புகளில் இறங்கி ஏறுகின்றன. அவற்றைப் பழுது பார்த்தவருடைய பேச்சை நாம் தட்டவில்லை.

களிமண்ணில் மூன்று வண்டிகளின் குணமும் வெளிப்பட்டது. குர்க்கா பூட்டைப் போட்டுக்கொண்டால் எதையும் இலட்சியம் செய்வதில்லை. ஆனால் கனம் அதிகமாகையால் தான் போன தடத்தை வாய்க்காலாக்கிவிட்டுப் போகிறது. தாருக்கு இஞ்சின் பலம் கைகொடுக்கிறது. கொஞ்சம் வேகமாக வந்தால் பள்ளத்தையெல்லாம் தாண்டி எறிகிறது. ஜிம்னியின் எடை 1,200 கிலோ சுமார். அது பலத்தினால் போவதில்லை, புதையாததினால் போகிறது. குச்சிக்கிழங்குக் காட்டில் கொக்கு நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

பிறகு மதகு வந்தது. அங்கே கரையின் இரு புறமும் கல் நட்டிருக்கிறார்கள். ரிக் வண்டிக்காரர் டேப் வைத்து அளந்தார்: இடைவெளி ஆறடி மூன்று அங்குலம். குர்க்காவின் அகலம் 1,865 மில்லிமீட்டர்; இரு பக்கமும் ஓர் அங்குலம்கூட மிஞ்சவில்லை. தாரின் அகலம் 1,820. பக்கத்துக்கு இரண்டு அங்குலத்துக்குக் குறைவு. ஜிம்னி 1,645, பக்கத்துக்கு ஐந்து அங்குலம் தாராளமாக இருந்தது. பகல் வெளிச்சத்தில், முன்னால் ஒருவர் நின்று கையைக் காட்ட, மூன்றும் கடந்தன. இரவில், மழையில், பக்கத்தில் மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அறுபத்து மூன்று வயதுத் தமிழாசிரியர் ஓர் அங்குலக் கணக்கில் வண்டியைச் செலுத்துவாரா என்பதுதான் கேள்வி. அதை ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் மலைக்குப் போனோம். காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ரோடு நன்றாயிருக்கிறது, இங்கே ‘ஃபோர் வீல்’ வேண்டியதே இல்லை. இஞ்சினும் ஸ்டீரிங்கும் பிரேக்கும்தான் பரீட்சைக்கு வருகின்றன. இதில் தார் முதல் வகுப்பில் தேறியது. பெட்ரோல், டீசல் இரண்டு ரகமும் அதில் உண்டு; ஏற்றம் அதற்கு ஒரு பொருட்டல்ல. பழைய குர்க்காவுக்கு 90 குதிரைச் சக்திதான் இருந்தது. 2024-ல் அதை 140 ஆக்கினார்கள். ஆகையால் நன்றாகவே ஏறியது; ஆனால் கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும், தானே மாற்றிக்கொள்ளும் ரகம் அதில் இல்லை. ஜிம்னியின் சிறு பெட்ரோல் இஞ்சின் எழுபது வளைவிலும் மூச்சு வாங்கியது. டாக்டர் இரண்டாவது கியரைவிட்டு நகரவே இல்லை. “மெதுவாகப் போனால் என்ன, போய்ச் சேர்கிறதல்லவா?” என்றார். தம் வண்டிக்குப் பரிந்து பேசாதவர் யார்?

செம்மேட்டைத் தாண்டி நாட்டுப் பக்கம் போகும் மண் தடத்தில், பலாப்பழமும் பதினான்கு பேரும் ஏற்றிக்கொண்டு பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று எதிரே வந்தது. வர்ணம் இன்னதென்று சொல்ல முடியாது. நம் மூன்று வண்டிகளும் ஒதுங்கி வழிவிட்டன. அதற்கு எத்தனை வயதாயிற்று என்று கேட்டோம். ஓட்டி வந்தவர் சிரித்துக்கொண்டே, “எனக்கு முந்தியே பொறந்துடுச்சுங்க” என்றார்.

அங்கே வைத்துத்தான் டாக்டர் போதமலையைப் பற்றிச் சொன்னார். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள மலை அது. கீழூர், மேலூர், கெடமலை என்ற ஊர்கள் அதன் மேல் இருக்கின்றன. சுதந்திரம் வந்து எழுபது ஆண்டுகள் சென்ற பின்னும் அவற்றுக்குச் சாலை கிடையாது. தேர்தல் வந்தால் ஓட்டு யந்திரங்களை மலைமேல் தலைச்சுமையாகக் கொண்டுபோவார்கள். நோயாளிகளை டோலி கட்டி இறக்குவார்கள். அண்மை ஆண்டுகளில்தான் அங்கே சாலை வேலை எடுத்துக்கொள்ளப்பட்டது. “வார விடுமுறையில் சேற்றைத் தேடிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த ஊர்க்காரர்கள் ஞாபகம் வரும்” என்றார். மருமகப் பிள்ளை தன் வண்டியின் மேல் பூசியிருந்த சேற்றை, அதுவரையில் ஓர் அலங்காரம்போல் விட்டு வைத்திருந்தவன், கைக்குட்டையால் கொஞ்சம் துடைத்துக்கொண்டான்.

இறங்கும்போது குடும்பக் கணக்குகளைப் பார்த்தோம். மூன்று கதவுத் தாரில் பின் இருக்கைக்குப் போவதென்றால் முன் இருக்கையை மடக்கிவிட்டு நுழைய வேண்டும். சேலை கட்டிய பெரியவர்களுக்கு அது தண்டனை. 2024-ல் வந்த ஐந்து கதவுத் தாரில் (ராக்ஸ் என்கிறார்கள்) அந்தக் குறை நீங்கியது. ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும் ராக்ஸ் டீசலில் மாத்திரம்தான் உண்டு, அகலமும் 1,870. மதகு மன்னிக்காது. குர்க்காவிலும் ஐந்து கதவு உண்டு; ஏழு பேர் போகலாம். ஏறுவதற்கு மாத்திரம் ஒரு முக்காலி வேண்டும். ஜிம்னியில் நான்கு பேர்தான். ஐந்தாவதாக வருகிற உறவினர் பஸ்ஸில் வர வேண்டியதே. நெடுஞ்சாலையில் சேலத்திலிருந்து பெங்களூர் போக வர மூன்றில் தாரே சுகம். 2020-ல் மோதல் பரீட்சையில் அதற்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் கிடைத்தது. பழுது பார்க்கும் விஷயத்தில் மாருதிக்கும் மஹிந்திராவுக்கும் ஊருக்கு ஊர் பட்டறை. போர்ஸுக்கு அத்தனை இல்லை. ஆனால் இஞ்சின் டிராவலர் வேனின் பங்காளியாகையால், நம் மெக்கானிக் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன் என்று சத்தியம் செய்தார்.

லாண்டு ரோவர் வேண்டாமா என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். 2008 முதல் அந்தக் கம்பெனி டாட்டாவினுடையது, பெருமைப்படலாம். அதன் விலையில் நண்பர் தோட்டத்தையே இன்னொரு தடவை வாங்கலாம். மூட்டை ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போகும் குடியானவர்களுக்கு, ஆந்திர தேசத்தில் ஸ்ரீ சிட்டியில் செய்யும் இசுசு பிக்கப் மிகவும் தகும். ஆனால் ஏரிக்கரையில் அதைத் திருப்புவதற்கு ஏரியின் உத்தரவு வேண்டும்.

நம் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். சொன்னோம். சகதியும் சுமையும் நித்திய வேலையாக உள்ளவர்களுக்குக் குர்க்கா. வாலிபர்களுக்கும், ரோடும் காடும் சரிபாதியாக உள்ளவர்களுக்கும் தார். ஆனால் இந்தத் தோட்டத்துக்கு, இந்த ஏரிக்கரைக்கு, இந்த மதகுக்கு ஜிம்னி. பலத்தில் மூன்றாவதுதான், டீசலும் கிடையாது. இருந்தாலும் இடம் கொடுக்கிற வண்டியைத்தானே வாங்க முடியும்? ரிக் வண்டிக்காரர் ஆமோதித்தார். மருமகப் பிள்ளை ஆமோதிக்கவில்லை, வயது அப்படி.

“பகல்லே பார்த்து முடிவு பண்ணாதீங்க” என்றார் அம்மாள். “இருட்டினப்புறம் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. நானும் வர்றேன்.”

இரவு எட்டு மணிக்கு நாம் பாலத்தண்டையில் போய் நின்றுகொண்டோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஜிம்னியை நண்பரே ஓட்டுவது, டாக்டர் பின்னால் உட்காருவது, அம்மாள் முன் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு வருவது என்று ஏற்பாடு. ஏரிக்கரை இருக்கும் திசையில் இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கால் மணி சென்றது. ரிக் வண்டிக்காரர் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தூரத்தில் ஒரு வெளிச்சம் மேலும் கீழுமாக அசைந்தது. நடுவில் ஓரிடத்தில் வெகு நேரம் நின்றது. மதகு என்று நினைத்துக்கொண்டோம். பிறகு மறுபடி நகர்ந்தது. வீட்டு முற்றத்திலிருந்து பாலம் வர இருபத்தெட்டு நிமிஷம். நண்பர் கீழே இறங்கியபோது சட்டை முழுவதும் வியர்த்திருந்தது. அம்மாள், “கல்லு கண்ணுக்குத் தெரியலீங்க, அதான் நின்னுட்டோம்” என்றார்.

சென்ற வாரம் நண்பரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பெண்ணிடம் சொன்னாராம், அவள், பணத்தை எடுங்கள், அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாளாம். வண்டிக்குப் பதிவு செய்தாயிற்று. பட்டன் டயர் தனியாகச் சொல்லியிருக்கிறார். மதகுக் கல் இரண்டுக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாயிற்று.